வெளிவேலை வருமானம் அலுவலகத்தில் தெரிந்துவிட்டால்

கேள்வி: ஒரு நிறுவனத்தில் வடிவமைப்பாளராக இருக்கிறேன். மாலை வேளைகளில் ஃப்ரீலான்ஸ் வேலையும் செய்கிறேன். அண்மையில் ஆன்லைன் கூட்டம் ஒன்றில் என் திரையைப் பகிர்ந்திருந்தபோது, வாடிக்கையாளர் பணம் அனுப்பிய அறிவிப்பு எல்லோர் கண்ணிலும் பட்டுவிட்டது. மாதம் எவ்வளவு வரும் என்று பலரும் கேட்கிறார்கள்; ஒருவர் கடனே கேட்டுவிட்டார். அப்படி எதுவும் இல்லை என்று மறுத்துவிடலாமா?

பதில்: மறுக்காதீர்கள். பலர் கண்ணால் பார்த்ததை இல்லை என்று சொன்னால், நாளை நிர்வாகம் விசாரிக்கும்போது வெளிவேலை செய்ததைவிடப் பொய் சொன்னதே பெரிய குற்றமாகப் பேசப்படும். சக ஊழியர்களுக்குத் தெரிந்தது மேலாளருக்குத் தெரியாமல் இருப்பதுதான் உங்களுக்கு உண்மையான ஆபத்து. முதலில் சரிசெய்ய வேண்டியது அதைத்தான்.

எனவே இன்றே பணி ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். வெளிவேலைக்குத் தடையோ முன் அனுமதி நிபந்தனையோ இருக்கிறதா, போட்டி நிறுவனங்களுக்கு வேலை செய்வது பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்று பாருங்கள். பலர் கவனிக்காமல் விடுவது படைப்புரிமைப் பிரிவை: நிறுவனத்தின் கணினியிலோ, அதன் உரிமத்தில் இயங்கும் மென்பொருளிலோ உருவாக்கியவற்றுக்கு நிறுவனம் உரிமை கோர அதில் இடம் இருக்கலாம். கணினி, மென்பொருள், மின்னஞ்சல் மூன்றும் உங்கள் சொந்தமாக இருக்கட்டும்.

தடை இல்லையென்றால், வதந்தியாகப் போய்ச் சேருவதற்கு முன் நீங்களே மேலாளருக்கு எழுதுங்கள். "அலுவலக நேரத்துக்கு வெளியே, என் சொந்தக் கணினியில், நம் நிறுவனத்துக்குப் போட்டியில்லாத வாடிக்கையாளர்களுக்கு வடிவமைப்பு வேலை செய்கிறேன், ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கவும்" என்ற அளவு போதும். அனுமதி தேவை என்றிருந்தால் அதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். முழுத் தடை இருந்தாலோ, புதிய வெளிவேலை எதையும் ஏற்காமல், மேலாளருக்கு எழுதுவதற்கு முன் தொழிலாளர் சட்டம் அறிந்த வழக்கறிஞரைப் பாருங்கள்.

சக ஊழியர்களிடம் தொகையை மட்டும் சொல்லவே கூடாது. வரி, மென்பொருள் கட்டணம், வேலையே வராத மாதங்கள் ஆகியவற்றைக் கழித்துப் பார்க்க யாரும் காத்திருக்க மாட்டார்கள். சம்பள உயர்வுப் பேச்சு வரும்போது "இவருக்கென்ன குறை" என்ற சொல்தான் மிஞ்சும். "வெளிவேலை செய்வது உண்மைதான், கணக்கு வழக்கை மட்டும் யாரிடமும் பேசுவதில்லை" என்று, கேட்கும் எல்லோரிடமும் முகம் சுளிக்காமல் ஒரே பதிலைச் சொல்லுங்கள். ஆளுக்கொரு பதில் சொன்னால் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். கடன் கேட்டவரிடம் பணம் இல்லை என்று சாக்குச் சொல்ல வேண்டாம். அலுவலகத்தில் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்வதில்லை என்று சொல்லிவிடலாம். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்வதும் சரியல்ல. மேலாளர் கேட்டால் அவர்கள் இக்கட்டில் மாட்டிக்கொள்வார்கள்.

இனி நீங்கள் ஒரு நாள் தாமதமாக வந்தாலும் வெளிவேலைதான் காரணம் என்பார்கள். இது நியாயமில்லை, ஆனாலும் நடக்கும். ஆகவே வாடிக்கையாளர் அழைப்புகளை அலுவலகத்தில், உணவு இடைவேளையில்கூட, எடுக்காதீர்கள். கூட்டங்களில் முழுத் திரைக்குப் பதில் தேவையான சாளரத்தை மட்டும் பகிருங்கள்.

எனக்கும் வேலை பிடித்துக் கொடுங்கள் என்று சிலர் கேட்கக்கூடும். உங்களுக்குக் கீழே பணிபுரிபவருக்கு ஒருபோதும் கொடுக்காதீர்கள். அவருடைய மதிப்பீட்டில் நீங்கள் எழுதும் நல்ல வார்த்தைகூடச் சந்தேகத்துக்கு இடமாகும். மற்றவர்களிடம், முதலில் அவரவர் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.