ஆப்பிள் பொம்மை முதல் ஆப்பிள் பாயசம் வரை: நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: என் பேத்திக்கு ஒன்றரை வயது. ஆன்லைனில் பழம் வெட்டும் விளையாட்டுச் செட் ஒன்றை 749 ரூபாய்க்கு வாங்கினேன். மரத்தால் ஆன ஆப்பிள் இரண்டு பாதியாகப் பிரியும், மரக்கத்தியால் 'வெட்டி' விளையாடலாம். வந்த மூன்றாம் நாளே ஆப்பிளின் காம்பு கழன்றுவிட்டது. வாய்க்குப் போவதற்குள் பிடுங்கிவிட்டேன். பெட்டியில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லை. கேட்டால், "கையால் செய்தது, முத்திரை தேவையில்லை" என்கிறார்கள். திருப்பி எடுத்துக்கொள்ளவும் மறுக்கிறார்கள். என்ன செய்வது? (ஒரு பாட்டி, மதுரை)

பதில்: நல்ல வேளை, பார்த்துவிட்டீர்கள் அம்மா. அந்தச் செட் முழுவதையும் இன்றே குழந்தையின் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள். தூக்கி எறிய வேண்டாம், புகாருக்கு அதுதான் சாட்சி.

காம்பைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. ஆப்பிளின் இரண்டு பாதிகளும் எதனால் ஒட்டிக்கொள்கின்றன? குழந்தைகளின் ஷூவில் இருக்கும் சொரசொரப்பான வெல்க்ரோ பட்டையாலா, காந்தத்தாலா? வெட்டுப்பட்ட முகத்துக்கு அருகே ஒரு குண்டூசியைக் கொண்டுபோங்கள். தாவி ஒட்டினால் உள்ளே காந்தம் இருக்கிறது. காம்பை ஒட்டிய அதே பசைதான் காந்தத்தையும் பிடித்துக்கொண்டிருக்கும் என்றால் யோசித்துப் பாருங்கள். குழந்தை இரண்டு காந்தங்களை விழுங்கிவிட்டால், அவை குடலின் வெவ்வேறு மடிப்புகளில் இருந்தபடி ஒன்றையொன்று இழுத்து ஒட்டிக்கொள்ளும். நடுவில் மாட்டிய குடல்சுவர் ரத்த ஓட்டமில்லாமல் அழுகி ஓட்டை விழும். தொடக்கத்தில் வயிற்றுவலி, வாந்தி என்று சாதாரண அஜீரணம்போலவே தெரிவதால், கைவைத்தியம் செய்துவிட்டுக் காத்திருக்கத் தோன்றும். காத்திருக்கவே கூடாது. செட்டில் ஒரு காந்தம் குறைந்தாலும் உடனே எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மின்சாரம், பேட்டரி இல்லாத பொம்மை என்றால் முத்திரைக்கு மேலே 'ஐ.எஸ். 9873' என்ற தர எண்ணும், கீழே 'சி.எம்./எல்.' என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். பேட்டரியில் ஓடுவதற்குத் தர எண் 15644. வெறும் முத்திரையை எவரும் அச்சடித்துவிட முடியும். அதனால் உரிம எண்ணை, முத்திரை வழங்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டுப் பாருங்கள். தயாரிப்பாளரின் பெயரும் பொருளும் பெட்டியில் உள்ளவற்றோடு பொருந்த வேண்டும். பெரிய கடையில் வாங்கினால் இந்தச் சிரமமெல்லாம் வேண்டாம் என்றும் நினைக்காதீர்கள். 2023 ஜனவரியில் விமான நிலையங்களிலும் மால்களிலும் உள்ள கடைகளில் அதிகாரிகள் சோதனை நடத்தி, முத்திரையில்லாத பொம்மைகளை ஆயிரக்கணக்கில் பறிமுதல் செய்தார்கள்.

கைவினைப் பொருளுக்கு விலக்கு உண்டு என்பது பாதி உண்மை. மத்திய அரசின் கைவினைப் பொருட்கள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவு பெற்ற கைவினைஞர் செய்தவற்றுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளை அதற்குரிய பதிவுபெற்ற பயனர் செய்து விற்பதற்கும்தான் அந்த விலக்கு. கர்நாடகத்தின் சன்னபட்டணா பொம்மை அப்படிப்பட்டது. ஆகவே விற்றவரிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள். 'கையால் செய்தது' என்ற ஒரு வாக்கியத்தைப் பதிவுச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

விலக்கு இருந்தாலும் காம்பு கழன்றது கழன்றதுதான். மூன்று வயதுக்கு உட்பட்டவர்களின் பொம்மையில், 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சோதனைக் குழாய்க்குள் முழுதாக அடங்கும் துண்டு எதுவும் இருக்கவோ கழன்று வரவோ கூடாது. பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர். அதைவிடச் சற்றே பெரிய துண்டுகூட ஒன்றரை வயதுக் குழந்தையின் தொண்டையை அடைக்கும் என்பதற்குத்தான் இந்த அளவு.

கழன்ற காம்பை நாணயத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். பெட்டியின் எல்லாப் பக்கங்களையும் பில்லையும் படம் எடுத்து, விற்பனைத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. 749 ரூபாய்க்காக அலைவதா என்று விட்டுவிடாதீர்கள், அதே காம்பு இன்னொரு வீட்டிலும் கழலும்.

கேள்வி: ஆப்பிள் தோலைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளையாக மெழுகு வருகிறது. இதைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா? ஸ்டிக்கர் ஒட்டிய பழம் தரமானது என்று கடைக்காரர் சொல்வது சரியா? (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: ஆப்பிளுக்கு இயற்கையிலேயே மெல்லிய மெழுகுப் படலம் உண்டு. பறித்த பழத்தைக் கழுவும்போது அது போய்விடுவதால், பழம் வாடாமல் இருக்க மறுபடியும் மெழுகு பூசுகிறார்கள். தேன்மெழுகு, கார்னோபா என்ற பனையின் இலை மெழுகு, அரக்கு மெழுகு ஆகிய மூன்றுக்கும் இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் அனுமதி தருகின்றன. எந்த மெழுகு பூசப்பட்டது என்று லேபிளில் சொல்ல வேண்டும் என்பதும் விதி. அரக்கு என்றதும் பயப்பட வேண்டாம். சன்னபட்டணா பொம்மைக்குக் கடைசலில் வைத்துப் பளபளப்பு ஏற்றுவதும் அரக்குதான், அங்கே அதில் சாயம் சேர்க்கிறார்கள். அனுமதிக்கப்பட்ட மெழுகு செரிக்காமல் அப்படியே வெளியேறிவிடும். சிக்கல் என்னவென்றால், தள்ளுவண்டியில் இருக்கும் பழத்தில் பூசியது இந்த மூன்றில் ஒன்றுதானா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல வழியில்லை. அதனால் வெதுவெதுப்பான நீரில் கையால் நன்றாகத் தேய்த்துக் கழுவி, துணியால் அழுத்தித் துடைத்துவிட்டுக் கொடுங்கள். சுரண்டும்போது மெழுகு தடிப்பாகச் சுருண்டு வந்தால் தோலைச் சீவிவிடுங்கள். நார்ச்சத்து கொஞ்சம் போகும், போகட்டும். ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை சிம்லா, காஷ்மீர் ஆப்பிள் புதிதாக வரும் காலம். பளபளப்புக் குறைந்த, காம்போடு இருக்கும் பழத்தை அப்போது தேடி வாங்குங்கள்.

ஸ்டிக்கரில் உள்ள நான்கு இலக்க எண் பழத்தின் வகையையும் அளவையும் குறிக்கும் குறியீடு, கடையில் பில் போட உதவுவதற்காக வந்தது. ஐந்து இலக்கமாக 9-ல் தொடங்கினால் இயற்கை வேளாண்மையில் விளைந்தது என்று பொருள். தரத்துக்கு அது அத்தாட்சி ஆகாது. கழுவுவதற்கு முன் ஸ்டிக்கரை உரித்து, பசை ஒட்டிய இடத்தைச் சீவிவிடுங்கள். உரித்ததை மேசையில் ஒட்டி வைக்காதீர்கள், தவழும் குழந்தை அதைத்தான் முதலில் கண்டுபிடிக்கும்.

கேள்வி: பத்து மாதக் குழந்தைக்கு அட்டைப் பெட்டியில் வரும் ஆப்பிள் ஜூஸ் கொடுக்கலாமா? பழச்சாறுதானே? (ஒரு தாய், கோவை)

பதில்: வேண்டாம். ஒரு வயதுக்குள் வீட்டில் பிழிந்த சாறும் வேண்டாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் அதைத்தான் சொல்கிறது. ஒன்று முதல் மூன்று வயது வரை நாளுக்கு 120 மில்லிலிட்டர்தான் உச்சவரம்பு.

கடையில் 'ஜூஸ்' என்று நாம் கேட்டு வாங்குவது பெரும்பாலும் பழபானம். அதில் பத்து சதவீதம் பழச்சாறு இருந்தாலே விதிப்படி போதும். முன்பக்கத்து ஆப்பிள் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். 100 மில்லிலிட்டரில் 12 கிராம் சர்க்கரை என்று இருந்தால், 200 மில்லிலிட்டர் பெட்டியில் 24 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டி. அடர்சாறில் தண்ணீர் கலந்து தயாரிப்பதற்கு '100 சதவீதப் பழச்சாறு' என்று போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஜூனில் உத்தரவிட்டது. அந்த வாசகத்தோடு பெட்டியைப் பார்த்தால் அதையும் 1915-ல் சொல்லலாம்.

பத்து மாதத்துக்கு ஆப்பிளைத் தோல் சீவி, விதை நீக்கி, இட்லித் தட்டில் பத்து நிமிடம் ஆவியில் வேகவைத்து மசித்துக் கொடுங்கள். வேகவைக்காத ஆப்பிள் துண்டு வேண்டவே வேண்டாம். முன்பல்லால் கடித்துவிடும், அரைக்கக் கடைவாய்ப்பல் இருக்காது, துண்டு அப்படியே தொண்டைக்குப் போகும். நான்கு வயது வரை துருவியோ காகிதம்போல் சீவியோ கொடுப்பதுதான் பாதுகாப்பு.

கேள்வி: எல்.கே.ஜி.யில் 'சிவப்பு நிற நாள்'. ஆப்பிள் கைவேலைக்காக 450 ரூபாய்க்கு ஒரு கிட் வாங்கச் சொல்கிறார்கள். உள்ளே மினுமினுப்புத் தூள், ஒட்டும் கண்கள், நீரில் ஊறும் ஜெல் மணிகள், 'நச்சற்றது' என்று எழுதிய வண்ணம் எல்லாம் இருக்கின்றன. வாங்கலாமா? (ஒரு தந்தை, வேலூர்)

பதில்: ஜெல் மணி இருக்கிறது என்ற ஒன்றே போதும், வாங்காதீர்கள். ஜவ்வரிசி அளவில் இருக்கும் அந்த மணி, நீரில் பல மடங்கு ஊதும். விழுங்கினால் குடலிலும் ஊதி அடைத்துவிடும். 'நச்சற்றது' என்பது யார் வேண்டுமானாலும் அச்சடிக்கக்கூடிய சொல், தர எண் இல்லாமல் அதற்கு மதிப்பில்லை.

வகுப்பாசிரியரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். பழக்கடையில் அடிபட்ட ஆப்பிள் இரண்டு மலிவாகக் கிடைக்கும். காம்பிலிருந்து கீழாக வெட்டாமல், குறுக்கே வெட்டுங்கள். நடுவில் ஐந்து முனை நட்சத்திரம் தெரியும், ஒவ்வொரு முனைக்குள்ளும் விதை. நாலு வயதுக் குழந்தை அதைப் பார்க்கும்போது அதன் முகத்தைப் பாருங்கள்! விதைகளைப் பெரியவர்கள் எடுத்துவிட வேண்டும். வெட்டிய முகத்தைத் துணியால் ஒற்றி ஈரத்தை எடுத்தால்தான் வண்ணம் பிடிக்கும், இல்லையென்றால் வழுக்கி ஓடும். பின்பக்கம் ஒரு முள்கரண்டியைக் குத்தினால் கைப்பிடி ஆயிற்று. பீட்ரூட் சாறில் கொஞ்சம் சோளமாவு கரைத்துக் கிண்டி ஆறவிட்டால் சிவப்பு வண்ணம் தயார். தட்டில் மெல்லியதாகத் தடவி, பழத்தை அதில் தொட்டுத் தாளில் அழுத்தினால், நட்சத்திரத்தோடு ஆப்பிள் பதியும். நிறம் சில நாளில் மங்கும். பழத்தை வாயில் வைத்தாலும் பீட்ரூட்தானே என்று ஆசிரியர் நிம்மதியாக இருக்கலாம்.

கேள்வி: மூன்று வயது மகனுக்காக ஆப்பிள் பாயசம் செய்தேன், பால் திரிந்துவிட்டது. பால் கெட்டுப்போனதா? பாக்கெட்டை மாற்றித் தரச் சொல்லலாமா? (ஒரு வாசகி, தஞ்சாவூர்)

பதில்: அதே பாலைத் தனியாகக் காய்ச்சும்போது திரியவில்லை என்றால் பாலில் குற்றமில்லை, ஆப்பிளின் புளிப்பு செய்த வேலை. பச்சை நிற ஆப்பிளில் புளிப்பு அதிகம், பாயசத்துக்குச் சிவப்புப் பழம்தான் சரி. தோல் சீவித் துருவியதை உடனே நெய்யில் போட்டு, நீர் முழுவதும் சுண்டிப் பிசுபிசுப்பாக வரும் வரை ஏழெட்டு நிமிடம் வதக்கி ஆறவிடுங்கள். பாலைத் தனியே சுண்டக் காய்ச்சி, சர்க்கரையும் ஏலக்காயும் சேர்த்து, கை பொறுக்கும் சூட்டுக்கு இறக்குங்கள். இரண்டும் ஆறிய பிறகு கலந்துவிட்டு, மறுபடி அடுப்பில் ஏற்றாதீர்கள். பையனுக்கு முந்திரியை முழுதாகப் போட வேண்டாம், பொடித்துத் தூவுங்கள்.