செரோக்கி நிலமும் ஒரு சீட்டுக் குலுக்கலும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கப் பழங்குடிகளான செரோக்கி மக்கள் தங்கள் மண்ணிலிருந்து விரட்டப்பட்ட வரலாற்றைப் படித்து முடித்தேன். 1832இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றும் ஏன் பலனில்லை? '(தலைமை நீதிபதி) மார்ஷல் தீர்ப்பு சொன்னார், அவரே நிறைவேற்றட்டும்' என்று அதிபர் ஜாக்சன் சொன்னாராமே? ஒரு வகையில் எல்லாம் காலத்தின் கட்டாயம்தானோ?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஜாக்சன் அப்படிச் சொன்னதற்கு அன்றைய ஆதாரம் கிடையாது. அதை விடுங்கள். செரோக்கி மண்ணில் ஜார்ஜியா மாநிலத்தின் சட்டம் செல்லாது என்ற அந்தத் தீர்ப்பு வூஸ்டர் என்ற மிஷனரியின் வழக்கில் வந்தது. அவரை ஜார்ஜியா சிறையிலிருந்து விடவே அடுத்த ஜனவரி ஆயிற்று.

உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். இவ்வளவு அக்கறையாகப் படிக்கிற பிள்ளை இப்படி எழுதலாமா? காலமா வந்து அவர்கள் வீட்டைப் பிடுங்கியது? கொஞ்ச நாளாக என் மனதில் ஓடிக்கொண்டிருப்பது ஜார்ஜியா நடத்திய நிலக் குலுக்கல். செரோக்கிகள் குடியிருக்கும்போதே அவர்கள் மண்ணை அளந்து 160 ஏக்கர் துண்டுகளாகவும், தங்கம் கிடைக்கும் பகுதியை 40 ஏக்கர் துண்டுகளாகவும் பிரித்தார்கள். தீர்ப்பு வந்தது மார்ச்சில். அதே ஆண்டு அக்டோபரில், அன்றைய ஜார்ஜியத் தலைநகரான மில்லெட்ஜ்வில்லில் சீட்டு எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். பெயர் கொடுத்தவர்கள் சாதாரண வெள்ளைக் குடும்பங்கள். விதவைகளுக்கும் அனாதைப் பிள்ளைகளுக்கும்கூட அதில் இடம் இருந்தது.

ஜாக்சனைத் திட்டுங்கள், பழங்குடிகளை மேற்கே அனுப்புவதற்கான 1830 வெளியேற்றச் சட்டத்தில் கையெழுத்திட்டவர் அவர்தான். ஆனால் அவரோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். இன்னொருவர் உழுது விதைத்த வயல் என்று தெரிந்தேதான் அத்தனை பேரும் சீட்டில் பெயர் சேர்த்தார்கள். வாக்கு அவர்கள் கையில் இருந்தது. அவர்களைப் பகைத்துக்கொண்டு எந்த ஜார்ஜிய அரசியல்வாதி நீதிமன்றத்துக்குப் பணிவார்?

1835இல் செரோக்கித் தலைவர் ஜான் ராஸ் வாஷிங்டனிலிருந்து திரும்பினார். அவர் வீட்டில் குலுக்கலில் வென்றவர் குடியேறியிருந்தார். ராஸ் டென்னசிக்குப் போய் ஒரு மரக்குடிசையில் இருந்துகொண்டு போராடினார். மண்ணை விட்டுக்கொடுத்து மேற்கே போகச் சம்மதித்து, அவர் ஒப்புதலில்லாமல் ஒரு சிறு குழு கையெழுத்திட்ட நியூ எக்கோட்டா ஒப்பந்தத்தை எதிர்த்து 15,000க்கும் மேற்பட்ட பெயர்களோடு மனு போனது. அமெரிக்க செனட்டில் அந்த ஒப்பந்தத்துக்குத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு ஒரே ஒரு வாக்கில்தான் கிடைத்தது. 1838இல் படைவீரர்கள் மக்களை வீடு வீடாக இழுத்துப் போனபோது, பின்னாலேயே வந்தவர்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். ஏறத்தாழ 16,000 பேரில் 4,000 பேர்வரை முகாம்களிலும் வழியிலும் இறந்தார்கள். அந்த மாடுகளை ஓட்டிப் போனவர்களுக்கு எந்தக் கட்டாயம் இருந்தது, சொல்லுங்கள்.

சரி, மேற்கே இன்றைய ஓக்லஹோமாவுக்குப் போன பிறகும் அவர்கள் கதை முடியவில்லை. 1898 கர்டிஸ் சட்டம் அங்கேயும் அவர்கள் எல்லோருக்கும் பொதுவாக வைத்திருந்த நிலத்தைத் துண்டு போட்டது. அதைப் படித்துவிட்டு அவசியம் எழுதுங்கள். உங்கள் கடிதங்களுக்காகக் காத்திருப்பேன்.