தம்பி தனியாக இரவு ரோந்து போகிறாரா?

அக்கா, போலீஸ் வேலையில் இருக்கும் தம்பியைத் தனி ரோந்துக்கு அனுப்புவதால் அம்மா தூங்குவதே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பயம் நியாயமானது. 2021 நவம்பரில் திருச்சி அருகே நவல்பட்டு காவல் நிலையச் சிறப்பு எஸ்.ஐ. பூமிநாதன் ஆடு திருடியவர்களைத் தனியாளாக விரட்டிப் பிடித்தார். பிடித்த பிறகுதான் அவரை வெட்டிக் கொன்றார்கள். விரட்டும்போது இருக்கிற விழிப்பு, ஆள் சிக்கியதும் தளர்ந்துவிடும், ஆபத்து அங்கேதான்.

பைக்கை விட்டு இறங்கும் முன்பே வயர்லெஸ் மைக்கில் இடத்தைச் சொல்லிவிடட்டும். துணைக்கு ஆள் வரும்வரை நெருங்க வேண்டாம். கைகள் வெளியே தெரிகிற மாதிரி சந்தேக ஆட்களை உட்கார வைத்து, எட்ட நின்றே பேசட்டும். பயிற்சிப் பள்ளியில் கவாத்து (அணிவகுப்புப் பயிற்சி) நேரத்தில் கொஞ்சத்தையாவது குறைத்து, இருட்டில் இரண்டு மூன்று பேரை நிறுத்தி விசாரிக்கும் ஒத்திகையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்க வேண்டும். அதுவரை, ரோந்துக்கு இன்னொருவரும் வேண்டும் என்று இன்ஸ்பெக்டரிடம் தயங்காமல் கேட்கச் சொல்லுங்கள்.