வெந்நீர் மட்டும் மெலிந்து வருகிறதா? மோட்டார்ஹோம் குழாய்களில் கடினநீர்

கேள்வி: பல மாதங்களாக மோட்டார்ஹோமிலேயே குடியிருக்கிறோம். போகிற இடங்களில் பெரும்பாலும் நிலத்தடி நீர்தான் கிடைக்கிறது. குழாய் வாயெல்லாம் வெள்ளை பூத்துவிட்டது. ஷவரில் வெந்நீர் நூலாக வருகிறது, ஹீட்டரில் படபடவென்று சத்தம். கார்பன் ஃபில்ட்டர் மாட்டியும் டிடிஎஸ் மீட்டரில் எண் குறையவே இல்லை. தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் வாங்கிவிட வேண்டியதுதானா?

பதில்: வாங்கலாம். ஆனால் முதல் வேலை அதுவல்ல, ஹீட்டரைக் கழுவுவதுதான். ஏற்கெனவே படிந்திருக்கும் கட்டியை சாஃப்ட்னர் எடுத்துத் தராது.

கார்பன் ஃபில்ட்டரைக் குறை சொல்ல முடியாது. குளோரினையும் வாடையையும் எடுப்பதுதான் அதன் வேலை. கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் அதைத் தாண்டிப் போய்விடும். டிடிஎஸ் மீட்டரோ கரைந்த எல்லா உப்பையும் மொத்தமாகக் காட்டுகிற கருவி. சாஃப்ட்னர் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு அதற்குப் பதில் சோடியத்தை விடுகிறது என்பதால், தண்ணீர் நன்றாக மென்மையான பிறகும் அந்த எண் பெரிதாக இறங்காது. இது தெரியாமல் நல்ல சாஃப்ட்னரைத் திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. உங்களுக்குத் தேவை கடினத்தன்மை பார்க்கும் சோதனைப் பட்டை. லிட்டருக்கு 120 மில்லிகிராமைத் தாண்டினால் கடினநீர், 180-ஐத் தாண்டினால் மிகக் கடினம்.

வெந்நீர்ப் பக்கம் மட்டும் ஏன் இந்தப் பாடு? பச்சைத் தண்ணீரில் கால்சியம் பைகார்பனேட்டாகக் கரைந்து கிடக்கிறது. சூடானதும் கார்பன் டை ஆக்சைடு வெளியேற, அது கரையாத கால்சியம் கார்பனேட்டாகி, இருப்பதிலேயே சூடான இடத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. அந்தப் படிவுக்கு அடியில் சிக்கிய தண்ணீர் கொதித்து வெடிக்கும் சத்தம்தான், சோளம் பொரிகிற மாதிரி, உங்கள் காதில் விழுவது.

கழுவுவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. ஒரே குழாயில் குளிர்நீரையும் வெந்நீரையும் மாறி மாறித் திறந்து பாருங்கள். இரண்டுமே மெலிந்து வந்தால் ஹீட்டரைத் தொடாதீர்கள். குழாய் வாயில் இருக்கும் சல்லடை, ஷவர் தலை, பம்புக்கு முன்னால் உள்ள வடிகட்டி, இவற்றில்தான் அடைப்பு. வெந்நீர் மட்டும் என்றால் ஹீட்டர், அல்லது அதன் வெளிவாயில் இருக்கும் ஒருவழி வால்வு. சல்லடையைக் கழற்றினால் உள்ளே வெள்ளைத் துகள்கள் இருக்கும். அவற்றைக் கொஞ்சம் வினிகரில் போடுங்கள். நுரைத்துக் கரைந்தால் சுண்ணாம்புப் படிவு. அப்படியே கிடந்தால் மணலோ பிளாஸ்டிக் துணுக்கோ. அதற்கு அமிலம் ஊற்றிப் பயனில்லை.

சரி, ஹீட்டருக்கு வருவோம். கேஸ், மின்சாரம், பம்ப் மூன்றையும் நிறுத்தி, வெளியிலிருந்து வரும் தண்ணீர் இணைப்பையும் மூடிவிட்டு, தண்ணீர் முழுக்க ஆறும்வரை பொறுங்கள். வெந்நீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை விட்ட பிறகே அடியில் உள்ள வடிகால் திருகைக் கழற்ற வேண்டும். இரும்புத் தொட்டி என்றால் அந்தத் திருகோடு சேர்ந்தே ஆனோடு கம்பி (தொட்டி துருப்பிடிக்காமல் இருக்க, அதற்குப் பதில் தான் கரையும் கம்பி) வெளியே வரும். அமிலம் அதைத் தின்றுவிடும் என்பதால் தற்காலிகமாக அதே அளவு சாதாரண அடைப்பானைப் போடுங்கள். கம்பி முக்கால்வாசி கரைந்திருந்தால் புதிது வாங்க வேண்டிய நேரம். அடைப்பானைப் போடுவதற்கு முன் துளை வழியாகப் பீய்ச்சி, உதிர்ந்து கிடக்கும் தூளை வெளியே தள்ளிவிடுங்கள். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

அப்புறம் சமையல் வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஹீட்டரை நிரப்ப வேண்டும். பம்புக்கு முன்னால் உறிஞ்சு குழாய் வைத்த வண்டிகளில் இது சுலபம்: குழாயை வாளியில் விட்டு, வெந்நீர்க் குழாயிலிருந்து வினிகர் வாடை வரும்வரை பம்பை ஓட்டினால் போதும். இரவு முழுக்க ஊறட்டும், சூடாக்க வேண்டாம். காலையில் வடித்து, வாடை போகும்வரை அலசுங்கள். அலுமினியத் தொட்டி என்றால் எந்த அமிலம், எவ்வளவு நேரம் என்பதைக் கையேட்டில் பார்த்துவிட்டே இறங்குங்கள். கழிப்பறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை எந்தத் தொட்டியிலும் ஊற்றக் கூடாது. தண்ணீர் டேங்கை ப்ளீச் போட்டுச் சுத்தம் செய்கிற நாளும் இதுவும் ஒன்றாக வர வேண்டாம். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். வெந்நீர்க் குழாயில் காற்று கக்குவது நின்று சீராகத் தண்ணீர் வந்த பிறகே மின்சாரத்தைப் போடுங்கள். தொட்டி காலியாக இருக்கும்போது போட்டால் ஹீட்டிங் காயில் கணத்தில் எரிந்துபோகும்.

இனி சாஃப்ட்னர். மோட்டார்ஹோமில் செலவாகும் தண்ணீர் கொஞ்சம்தான், அதனால் கையில் தூக்கிப் போகும் சின்னதே போதும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 300 மில்லிகிராம் கடினத்தன்மை என்றால் 100 லிட்டர் டேங்கை நிரப்பும் ஒவ்வொரு முறையும் 30 கிராம் கல் உள்ளே போகிறது. சாஃப்ட்னர் பெட்டியில் பிடிக்கும் சக்தி 8,000 கிரெயின் என்று போட்டிருந்தால் அது ஏறக்குறைய 518 கிராம். காகிதக் கணக்கில் 17 டேங்க். நடைமுறையில் அவ்வளவு வராது. 10 டேங்க் தாண்டியதிலிருந்தே பட்டையால் பார்த்துக்கொள்ளுங்கள். பிடிக்கும் சக்தி தீர்ந்ததும் சமையல் உப்புக் கரைசலை மெதுவாக உள்ளே ஓடவிட்டு, கரிப்பு போகும்வரை அலசினால் பழையபடி வேலை செய்யும். அந்த உப்புத் தண்ணீர் டேங்குக்குள் போய்விடாமல் குழாயைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டும் இடம் வெளிக் குழாய்க்கும் வண்டிக்கும் நடுவே, மண் வடிகட்டிக்கு அடுத்தது. டேங்கை மெதுவாக நிரப்புங்கள். வேகமாக ஓடினால், சாஃப்ட்னருக்குள் கால்சியத்தைப் பிடிக்கும் ரெசினுக்குப் பிடித்துக்கொள்ள நேரம் இருக்காது. கடினநீருக்குத் தீர்வு என்று விற்கப்படும், குழாயைச் சுற்றிக் கட்டும் காந்தங்களுக்கு நான் காசு செலவழிக்க மாட்டேன்.

குடிக்கும் தண்ணீரை சாஃப்ட்னருக்கு முன்பே தனியாகப் பிடித்துக்கொள்ளலாம். கடினநீர் உடம்புக்குக் கெடுதல் இல்லை. ஆனால் 300 மில்லிகிராம் கடினத்தன்மையை எடுத்தால் லிட்டருக்கு ஏறக்குறைய 138 மில்லிகிராம் சோடியம் சேரும். உப்பைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் அறிவுறுத்தியவர் வண்டியில் இருந்தால் இது கவனிக்க வேண்டிய அளவு.