மனநிலைக் குறிப்பில் எதைப் பார்ப்பது?

கேள்வி: எனக்கு பைபோலார் கோளாறு (மனநிலை அளவுமீறி ஏறுவதும் சோர்வில் இறங்குவதுமாக வரும் மனநோய்). ஆறு மாதமாகத் தினமும் இரவில் மனநிலைக்கு −5 முதல் +5 வரை மதிப்பெண் போட்டு வருகிறேன். கோடு ஏறி இறங்குகிறதே தவிர எதுவும் பிடிபடவில்லை. அடுத்த ஏற்றம் எப்போது என்று இதை வைத்துச் சொல்ல முடியுமா?

பதில்: தேதி குறித்துச் சொல்ல முடியாது. பலருக்கு ஏற்றமும் இறக்கமும் ஒரே சீரான இடைவெளியில் வருவதில்லை. ஆனால் ஏற்றம் தலைதூக்குவதைப் பல நேரம் சில நாட்கள் முன்பே கண்டுகொள்ளலாம். அதற்கு மனநிலை மதிப்பெண் மட்டும் போதாது.

முதலில் தூக்கத்தைச் சேருங்கள். உதாரணமாக, திங்கள் மனநிலை +1, தூக்கம் ஏழு மணி நேரம். செவ்வாய் +1, ஐந்து. புதன் +2, நான்கு, களைப்பே இல்லை. மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் நல்ல வாரம்போலத்தான் இருக்கும். தூக்கம் குறைந்தும் உடம்பு சோரவில்லை என்பதுதான் எச்சரிக்கை. தூக்கம் வராமல் புரண்டுவிட்டு மறுநாள் துவண்டு கிடப்பது வேறு கதை.

அடுத்தது சுறுசுறுப்பு. இதற்குத் தனி மதிப்பெண் போடுங்கள். மனம் −3, சுறுசுறுப்பு +3 என்று ஒரே நாளில் வந்தால், அது ஏற்றமும் இறக்கமும் கலந்த நிலையாக இருக்கலாம். ஒரே கோட்டில் குறிப்பவர்கள் இதைப் 'பூஜ்யம்' என்று எழுதிவிடுவார்கள். தற்கொலை அபாயம் கூடும் நிலை இது. அப்படி எண்ணம் தோன்றினால் அட்டவணையை மறந்துவிட்டு உடனே உதவி தேடுங்கள்.

மருந்து மாற்றிய தேதி, தவறவிட்ட வேளை, மது, மாதவிடாய், இரவு வேலை ஆகியவற்றை ஓரத்தில் ஒரு சொல்லாகக் குறித்தால் போதும். மனச்சோர்வு மருந்து தொடங்கிய சில வாரங்களில் கோடு மேலேறினால், அந்தத் தேதி மருத்துவருக்கு மிகவும் உதவும். நீங்களாக அளவை மாற்றாதீர்கள்.

பிறகு வாரக்கணக்கில் பாருங்கள். மேனியா (தீவிரமான ஏற்றம்) என்று சொல்ல பொதுவாக ஒரு வாரமும், அதன் மென்மையான வடிவத்துக்கு 4 நாட்களும், மனச்சோர்வுக்கு இரண்டு வாரமும் அறிகுறிகள் நீடிக்க வேண்டும். ஒருநாள் எரிச்சலைப் பெரிதாக்க வேண்டாம். மாறாக −1, −2 என்று வாரக்கணக்கில் தங்கிவிடும் கோட்டைத்தான் பலர் கவனிப்பதில்லை. முதல் வகை பைபோலார் (முழு மேனியா வரும் வகை) உள்ளவர்களை ஏறத்தாழ 13 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மனச்சோர்வில் கழிந்த வாரங்கள் மேனியா வாரங்களைப்போல மூன்று மடங்குக்கும் மேல்.

ஏற்றத்தில் இருக்கும்போது நாம் போடும் மதிப்பெண்ணை நம்ப முடியாது. உடனிருப்பவர் ஒருவரை வாரம் ஒருமுறை தனியாக மதிப்பெண் போடச் சொல்லுங்கள். இருவர் எண்ணும் விலகத் தொடங்கினால், மருத்துவரை முன்கூட்டியே பார்த்துவிடுவது நல்லது.