சைக்கிளுக்கும் ஹெல்மெட்டா?

கேள்வி: செங்கோட்டையில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். வயது 54. சர்க்கரைக்காக டாக்டர் சொன்னதிலிருந்து தினமும் காலையில் சைக்கிள் மிதிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை புளியரை தாண்டி மலையேறி ஆரியங்காவு கோயில்வரை போய்வருவேன். கொச்சியில் வேலை பார்க்கும் மகள் ஹெல்மெட் வாங்கி அனுப்பியிருக்கிறாள். போட்டுக்கொண்டு போனால் பஜாரில் சிரிக்கிறார்கள். சட்டமும் கேட்கவில்லை. ஹெல்மெட் போட்டால் வண்டிக்காரன் இன்னும் ஒட்டி வருவானாம், வெளிநாட்டில் அளந்தே பார்த்திருக்கிறார்களாம். தம்பி மகன் சொல்கிறான். என் தலை, என் இஷ்டம் என்று விட்டுவிடலாமா?
- பெயர் வேண்டாம், செங்கோட்டை

பதில்: சட்ட விஷயத்தில் நீங்கள் சொல்வது சரிதான், அண்ணாச்சி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு பைக், ஸ்கூட்டருக்கானது. மிதிக்கிற சைக்கிள் அதில் வராது. ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலம் 1990-லேயே சைக்கிளுக்கும் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. இங்கே அப்படி ஒன்று வந்தால் நானே எதிர்ப்பேன். பால்காரரையும் பள்ளிக்கூடப் பிள்ளையையும் ஓரங்கட்டி அபராதம் கேட்பதில்தான் போய் முடியும். ஆகவே இஷ்டம் உங்களுடையதுதான்.

ஆனால் நீங்கள் ஓட்டுவது ஒரே சவாரி இல்லையே. கடைக்கும் வீட்டுக்கும் தெருவுக்குள் மெதுவாக மிதிப்பது ஒன்று. அதற்கு வெறுந்தலையோடு போனால் நான் வாயைத் திறக்கமாட்டேன். நெதர்லாந்தில் பெரும்பாலானவர்கள் அப்படித்தான் போகிறார்கள். அவர்களுக்குச் சைக்கிளுக்கென்றே தனிப்பாதையும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைச் சவாரி வேறு. ஏறும்போது ஆபத்து குறைவு, நடக்கிற வேகம்தான். திரும்பி வரும்போது மலைமேல் இருக்கிற கோட்டைவாசலிலிருந்து புளியரைக்கு இறங்குகிறீர்களே, அந்த எஸ் வளைவைத்தான் சொல்கிறேன். ஆனி, ஆடியில் சாரல் நனைத்த தார், லாரி சிந்திய டீசல், மேலே உதிர்ந்த இலை. முன் பிரேக்கைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே சக்கரம் வழுக்கிவிடும். உங்களை யாரும் இடிக்கவே வேண்டாம்.

ஹெல்மெட் உதவுவது இந்த மாதிரி விழுகைக்குத்தான். ஐரோப்பியத் தரச் சோதனையில் அதைச் சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து இரும்புத் தகட்டின்மேல் போட்டுப் பார்க்கிறார்கள். தட்டும்போது வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் அளவுக்கு இருக்கும். சைக்கிளிலிருந்து சரிந்து மண்டை தரையில் மோதுவதும் கிட்டத்தட்ட அப்படித்தான். உள்ளே இருக்கிற தெர்மாகோல் நசுங்கி அந்த அடியை வாங்கிக்கொள்கிறது. ஒருமுறை நசுங்கினால் அவ்வளவுதான், வெளியே கீறல் தெரியாவிட்டாலும் அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். லாரி ஏறினால் இது காப்பாற்றும் என்று மட்டும் நம்பாதீர்கள். அதற்குச் சீட்டுக்குக் கீழே நல்ல சிவப்பு விளக்கு ஒன்று மாட்டுங்கள். விடியலில் மலைமேல் மஞ்சு இறங்கியிருக்கும்போது பின்னால் வருகிறவனுக்கு அதுதான் கண்ணில் படும்.

தம்பி மகன் சொன்னது கட்டுக்கதை இல்லை. இங்கிலாந்தில் இயன் வாக்கர் என்ற ஆய்வாளர் தானே சைக்கிள் ஓட்டி அளந்தார். ஹெல்மெட் போட்டிருந்தபோது, போடாதபோது போனதைவிட வண்டிகள் சராசரியாக எட்டரை சென்டிமீட்டர் கூடுதலாக நெருங்கிப் போயின. அதே கணக்கைப் பிறகு போட்டுப் பார்த்த வேறு சிலர் அது பெரிய வித்தியாசமில்லை என்றார்கள். எட்டரை சென்டிமீட்டர் என்பது உங்கள் உள்ளங்கை அகலம். அதை நினைத்து எஸ் வளைவில் வெறுந்தலையோடு இறங்குவது எனக்குச் சரியான கணக்காகப் படவில்லை.

பஜாரில் சிரிப்பதற்கு என்ன செய்வது? ஹெல்மெட்டை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு போய் புளியரையில் போட்டுக்கொள்ளுங்கள். பைக் ஹெல்மெட்டையே போட்டால் என்ன என்று தோன்றலாம். அது ஒரு கிலோவுக்கு மேல் கனம், காற்று புகாது, மலையேறுவதற்குள் வேர்த்துக் கொட்டிவிடும். மகள் அனுப்பியது அதில் பாதி கனம்கூட இருக்காது.

போட்டுப் பாருங்கள். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அகலத்தில் நிற்க வேண்டும், பின்னால் தள்ளிவைக்கக் கூடாது. முன் வாரும் பின் வாரும் காதுக்குக் கீழே சேர வேண்டும். தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல் நுழைந்தால் போதும். பின்னால் இருக்கிற திருகை இறுக்கிவிட்டு, வாரைப் பூட்டாமல் தலையை ஆட்டுங்கள். அப்படியும் வழுக்கினால் சைஸ் பெரிது. இஞ்ச் டேப்பால் நெற்றியைச் சுற்றி அளந்து மகளிடம் சொல்லி மாற்றி வாங்குங்கள். ஆன்லைனில் வாங்கியிருந்தால் திருப்பி அனுப்ப நாள் கெடு இருக்கும், இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.