அமெரிக்க மல்யுத்த நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.இ.யின் உலக டேக் டீம் பட்டம் 1971-இல் தொடங்கியதா?

டேக் டீம் பட்டம் என்பது இரண்டு மல்யுத்த வீரர்கள் ஜோடியாக வைத்திருப்பது. ஒருவர் மோத, மற்றவர் கயிற்றுக்கு வெளியே காத்திருப்பார். கூட்டாளியின் கையைத் தட்டினால் ஆள் மாறும்.

இந்தப் பெயரில் இரண்டு பட்டங்கள் உண்டு. பழைய பட்டம் 1971-இல் பிறந்தது. முதலில் வென்றவர்கள் லூக் கிரஹாமும் டார்ஜான் டைலரும். குழப்பத்துக்கு வித்திட்டது 2002. வீரர்களை ரா, ஸ்மாக்டவுன் என இரு நிகழ்ச்சிகளுக்குப் பாகம் பிரித்தார்கள். பழைய பட்டம் ராவுக்குப் போய்விட, வெறுங்கையோடு நின்ற ஸ்மாக்டவுனுக்குப் புதிதாக ஒன்றைச் செய்தார்கள். 2009-இல் இரண்டும் ஒரே ஜோடியிடம் சேர்ந்தன. அடுத்த ஆண்டு ஓய்வு பெற்றது, விந்தையாக, மூத்த பட்டம்தான். 2024-இல் இளையதற்கு மூத்ததன் பெயரையே சூட்டினார்கள், பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பதைப் போல.

பெயரைப் பார்த்து இன்றைய பட்டத்துக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டதாகப் பலர் எண்ணுகிறார்கள். அதன் வயதை 2002-இலிருந்துதான் எண்ண வேண்டும்.